கோடைப் பாசறையும் கல்லூரி இளைஞரும்

கல்லூரி அடைத்தவுடன் மாணவர்க்கு ஓய்வு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. பட்டம் பெறுமுன் சில கிழமைகளேனும் ஓரிடத்தில் பணிப்பயிற்சி பெற்றுச் சான்று காட்டவேண்டும் என்பது இன்று கல்லூரிகள் பலவற்றில் நடைமுறையாகியுள்ளது. வணிகம் பயில்வார் வணிக நிலையங்களுக்கும், பொறியியல் பயில்வார் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். விலங்கியலும் நிலைத்திணையியலும் பயில்வாருள் சிலர், சிறுவர்க்கென நடத்தப்பெறும் இயற்கைப் பாசறைகளுக்கு வழிநடத்துநராகச் செல்கின்றனர். சிறுவர் பத்துப்பேரை விடியலில் எழுப்பி, ஏரிக்கரைக்கும் குன்றடிக்கும் கடற்கரைக்கும் அழைத்துப்போய், மரமும் பறவையும் பூச்சியும் காட்டி, வெயில் ஏறுமுன் நிழலிற் கொண்டுவந்து சேர்ப்பது அவர்தம் வேலை. பெற்றோர் இதனைப் பிள்ளை மேய்க்கும் வேலை என்கின்றனர். உடன் பயில்வார் நகைக்கின்றனர். ஆயினும், மூன்றாண்டு கற்ற கல்வி மெய்யாகவே உள்ளத்தில் தங்கியுள்ளதா என்பதை ஒரு தேர்வுத்தாளினும் கடுமையாக ஆய்ந்து பார்ப்பது இவ்வேலையே ஆகும். ஏனெனில் இங்கு வினவுவோர் எட்டு அகவைச் சிறுவர்.

இவ்வகைப் பாசறையின் தோற்றத்திலேயே ஒரு மாணவர் இருக்கின்றார். வட அமெரிக்காவில், தார்ட்மத்துக் கல்லூரி மாணவராயிருந்த எர்னசுட்டு பால்ச்சு என்பார், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கோடை முழுதும் விடுதிகளில் வேலையின்றிச் சோம்பிக் கெடுவதைக் கண்டு, 1881-இல் நியூ ஆம்ப்சயர் மாநிலத்து ஏரித்தீவு ஒன்றில் சிறுவர் பாசறை ஒன்றைத் தொடங்கினார். அங்கு ஏவலாளர் இல்லை. சமைத்தலும், ஏனம் கழுவலும், படகு பேணலும் சிறுவரே முறைவைத்துச் செய்தனர். கல்லூரி இளைஞரே அவர்க்கு வழிகாட்டினர். அப்பாசறை 1889-உடன் முடிவுற்றது. எனினும் அதன் வழியில் எழுந்த பாசறைகள் அந்நாடெங்கும் பரவின. அவற்றைப் பார்த்து இங்குத் தோன்றிய பாசறைகள் பல, ஏவலாளரையும் உடன் அழைத்துக்கொண்டே தோன்றியிருப்பது நகைப்பிற்குரியது. தான் உண்ட தட்டைத் தான் கழுவாத பிள்ளை ஏரிக்கரையில் என்ன கற்றுக்கொள்ளும்?

நிற்க. தமிழ்நாட்டுப் பாசறை ஒன்றில் ஓர் இளைஞர் எதிர்கொள்ளும் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். வற்றிய ஏரியின் சேற்றில் வெண்மையும் கருமையும் கலந்த பெரிய நாரை ஒன்று நிற்கின்றது. அதன் அலகிரண்டும் மூடியபோதும் நடுவே ஓர் இடைவெளி தெரிகின்றது. "அஃது என்ன பறவை?" என்று கேட்கின்றது குழந்தை. இளைஞர் அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லுகின்றார். கேட்ட குழந்தை விழிக்கின்றது. அறிவியற் பெயரையும் சொல்லுகின்றார். குழந்தை இன்னும் மிகுதியாய் விழிக்கின்றது. அப்பக்கம் ஆடு ஓட்டிவரும் முதியவரோ, "நத்தைகுத்தி" என்று ஒரே சொல்லிற் சொல்லிவிட்டுப் போகின்றார். அலகில் ஏன் இடைவெளி, சேற்றில் ஏன் நிற்கின்றது, எதைத் தின்கின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் அவ்வொரு சொல்லே வாயிலைத் திறந்துவிடுகின்றது. பட்டப்படிப்புப் படித்தவர் தலைகுனிகின்றார். அவர் தலைகுனிய வேண்டுவதில்லை. அவர்க்கு அச்சொல்லைக் கற்பியாத கல்வியே தலைகுனிய வேண்டும். பெரும்பாலும் அம்மாணவரும் ஒரு சிற்றூரிற் பிறந்தவரே. அவர்தம் பாட்டிக்கு அப்பெயர் தெரியும். கல்லூரியில் அதனைச் சொல்லக் கூசியதால், கூசிக் கூசி அவர் மறந்தார்.

தமிழிற் பெயர் என்பது பெரும்பாலும் ஒரு பார்வையின் சுருக்கம். கீழாநெல்லியின் காய்கள் இலைக்காம்பின் அடியில் வரிசையாய்த் தொங்குகின்றன. செடியைத் திருப்பிப் பார்த்தவன் வைத்த பெயர் அது. தூக்கணாங்குருவியின் கூடும் அரிவாள்மூக்கனின் அலகும் பெயரிலேயே உள்ளன. தொட்டாற்சுருங்கியோ இந்நாட்டுச் செடியன்று. தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. வந்த செடியைத் தொட்டுப் பார்த்து, கண்டதைக் கண்டவாறே பெயராக்கினர் தமிழ் உழவர். அதற்கெனக் குழுவும் கூட்டமும் அவர்க்குத் தேவைப்படவில்லை!

கடலோரத்திற்கு வந்தால் இவ்வுண்மை இன்னும் விளங்கும். சோழமண்டலக் கரையில் சனவரி முதல் ஏப்பிரல் வரையிலான இரவுகளில் ஆமைகள் கரையேறி, மணலிற் குழி பறித்து, ஒரு குழியில் நூற்றையொட்டிய முட்டைகளை இட்டுச் செல்கின்றன. அவற்றுள் மிகுதியாய் வருவதற்கு மீனவர் வழங்கும் பெயர் பங்குனி ஆமை. எத் திங்களில் வரும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகின்றது. பங்குனி என்னும் திங்கட்பெயரின் பிறப்புப்பற்றிச் சொல்லாராய்ச்சியாளரிடை வழக்கு இருக்கலாம். அதற்காக, மீனவர் வாயில் உயிரோடு வழங்கும் பெயரை அடித்துவிட்டு அறையில் இருந்து வேறொன்றைச் சமைத்துக் கொடுக்க முனைவது தமிழ்த்தொண்டு ஆகாது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் குழுவாய்ச் சேர்ந்து இக் கரையில் இரவு நடை நடந்து, முட்டைகளைக் காப்பிடத்திற் சேர்த்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். முட்டை பொரிய ஏறத்தாழ நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்கள் ஆகும். ஆதலின் குஞ்சுகள் வெளிவரும் காலத்தின் கடைப்பகுதி பள்ளி விடுமுறையோடு வந்து பொருந்துகின்றது. கரையோர விளக்கொளியைக் கண்டு குஞ்சு கடலுக்கு மாறான திசையில் ஊர்வதை ஒருமுறை நேரிற் கண்ட சிறுவன், தன் வீட்டு விளக்கை அணைக்கத் தானே எழுந்து போவான். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கின்றது என்று கேட்டால், அவன் அடுத்து என்ன வினவுவான் என்பதை எந்த வழிநடத்துநராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெயரைப்பற்றி இவ்வளவு பேசுவது வேண்டாததொன்று என்பாரும் உளர். அவர்க்குத் துணையாக நிற்பவர் சிறியரல்லர். கடலியல் அறிஞர் இராச்சல் கார்சன் அம்மையார், 1956-இல் எழுதி, அவர் மறைவிற்குப் பின் 1965-இல் நூலாக வந்த கட்டுரையில், குழந்தைக்கு இயற்கையை அறிவதினும் உணர்வதே பெரிது என்று எழுதினார். தம் மருமகள் மகனாகிய சிறுவனை மழையிலும் இரவிலும் கடலோரம் அழைத்துச் சென்ற பட்டறிவு அவர்க்கிருந்தது. அவர் கூற்றில் பிழை காண்பதற்கில்லை. பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்விக்கும் பாசறை, வகுப்பறையை வெயிலிற் கொண்டுபோய் வைத்ததே அன்றி வேறன்று. ஆனால் அவ்வம்மையார் அச்சிறுவனோடு பேசியது அவன் தாய்மொழியில். வியப்பைச் சொல்லச் சொல் தேடி அவன் அயன்மொழியிற் போய்த் துழாவ வேண்டியிருந்ததில்லை. தமிழ்க் குழந்தைக்கோ, பாசறையின் முதல் நாளிலேயே, "ஆங்கிலத்திற் சொல்" என்னும் கட்டளை கிடைக்கின்றது. வியப்பு வாய்க்குள்ளேயே மொழிபெயர்க்கப்படுகின்றது. மொழிபெயர்த்து முடியுமுன் பறவை பறந்துவிடுகின்றது.

தமிழில் நடத்துவதற்குக் கருவி இல்லையோ எனின், கருவி மிகுதியாகவே உண்டு. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுக்கின்றது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை முதலியன ஈரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்கு ஐயறிவு, மக்கள் ஆறறிவு. இவ்வகுப்பைச் சிறுவரிடம் கொடுத்து, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கையிற் கொடுத்து, "மெய்யா என்று பார்த்து வாருங்கள்" என்று அனுப்புவதைவிடச் சிறந்த காலைப்பாடம் உண்டோ? வேலைக்காரச் சிதலைப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் கண்ணற்றதே. நூல் சொன்னது பொருந்தும். எறும்பைப் பார்ப்பார்கள், பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு, நூல் சொன்னது பொருந்தாது. பொருந்தாததைக் கண்டு தமிழ்நெஞ்சம் புண்பட வேண்டுவதில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு நூல், இன்றைய குழந்தையைக் குனிந்து எறும்பின் முகத்தைப் பார்க்க வைத்தது என்பதே அந்நூலுக்குப் பெருமை. அதே மரபியல் இளமைப்பெயர்களை ஒன்பதாக எண்ணுகின்றது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. அணிற்குட்டி, புலிக்குருளை, மான்மறி, யானைக்கன்று என்று சிறுவர் சொல்லிச் சொல்லி விளையாட ஒரு மழைக்காலை போதும். குறிஞ்சிப்பாட்டிலுள்ள தொண்ணூற்றொன்பது பூக்களையும் மேடையில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்க்குப் பரிசளிக்கும் மன்றங்கள் பல. அவற்றுள் ஒன்பதையேனும் செடியிற் காட்டச் சொல்லிப் பரிசளிக்கும் மன்றம் அரிது.

அறிவியற் பெயரை வெறுக்கச் சொல்லுவதும் இங்கு நோக்கமன்று. உலகத்தார் அனைவரும் ஓர் உயிரை ஐயமறக் குறிக்க ஒரு பெயர் வேண்டும். இலின்னேயசு பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைநாட்டிய இருசொற்பெயர் முறை அத் தேவைக்கே உரியது. அது நூலுக்கும் ஆய்வகத்திற்கும். ஊர்ப்பெயர் வாய்க்கும் கண்ணுக்கும். இரண்டிற்கும் இடையே ஆங்கிலப்பெயர் ஏன் நுழைந்து தமிழ்ப்பெயரை வெளியேற்ற வேண்டும் என்பதே வினா. ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் குறையாகக் கருதலாகாது. கரிச்சான், இரட்டைவால்குருவி, வலியன் என ஒரே பறவைக்குப் பெயர்கள் வழங்குகின்றன. ஒருவன் அதன் நிறத்தைப் பார்த்தான். ஒருவன் வாலைப் பார்த்தான். காக்கையையும் பருந்தையும் துரத்தும் அதன் திறத்தைப் பார்த்தான் மற்றொருவன். மூவரும் பார்த்தனர். பெயரில்லாத உயிர்க்குப் புதுப்பெயர் வைப்பதும் தக்கதே. பட்டாம்பூச்சிகளுக்கு அண்மைக் காலத்தில் ஆர்வலர் அவ்வாறு தமிழ்ப்பெயர் வைத்துள்ளனர். தமிழ் மறவன் என்னும் பட்டாம்பூச்சியை 2019-இல் தமிழ்நாட்டரசு மாநிலப் பட்டாம்பூச்சியாகவும் அறிவித்தது. ஆனால், எருக்கஞ்செடியில் புழுவைக் கண்டிராதவர் பட்டாம்பூச்சிக்குப் பெயர் வைக்க வருவாராயின், அவரை முதலில் எருக்கஞ்செடியண்டை அனுப்புவதே முறை.

இனி, பாசறை நடத்துவோரிடம் சொல்லவேண்டியன சில. வழிநடத்தும் மாணவர்க்குச் சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டு, பெற்றோரிடம் வாங்கும் பெருங்கட்டணத்தைத் தாமே வைத்துக்கொள்வது பயிற்சி ஆகாது, உழைப்பைத் திருடலாகும். நாளெல்லாம் குழந்தைகளின் உயிர்க்குப் பொறுப்பேற்பவர்க்கு ஊதியம் கொடுத்தே ஆகவேண்டும். தங்கிப் பயிலும் பாசறையில், ஒன்பது முதல் பதினான்கு அகவையினர் எண்மர்க்கு ஒருவரேனும் பொறுப்பாளர் வேண்டும் என்பது அமெரிக்கப் பாசறைக் கழகத்தின் அளவு. இங்கு முப்பதின்மரை ஓர் இளைஞர் தலையில் ஏற்றி நீர்நிலைக்கு அனுப்பும் துணிவு எங்கிருந்து வருகின்றதோ! நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கையும் பார்த்தறியவும், நஞ்சுமுறி மருந்துள்ள அண்மை மருத்துவமனை எது என்று முன்னரே கேட்டுவைக்கவும் வழிநடத்துநர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்நஞ்சுமுறி மருந்திற்கான நஞ்சை எடுத்துத் தருபவர் இருளர். அவர்தம் கூட்டுறவுக் கழகம் 1978 முதல் இயங்குகின்றது. 2023-இல் அக்குடியினர் இருவர்க்கு இந்திய அரசு தாமரைத்திரு விருதும் அளித்தது. அவர்போல்வார் ஒருவரைப் பாசறைக்கு அழைத்து, கல்லூரி ஆசிரியர்க்குத் தரும் மதிப்பும் தொகையும் குறைவறத் தந்து, சிறுவரை அவர் பின்னே நடக்கவிட்டால், அவ்வொரு நாள் ஏழு நாளுக்கு ஈடாகும்.

அரசுப்பள்ளிச் சிறுவர்க்கு இப் பாசறைகளின் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை என்பதே எல்லாவற்றினும் பெருங்குறை. ஆனால் இதற்கு விடுதியும் ஊர்தியும் கட்டணமும் தேவையில்லை. வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று வற்புறுத்தி, 1798-இல் ஆங்கில ஆட்சியரிடம் எழுத்துறுதி பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்தனர் அவர். அவ்வறிவு எந்தக் கட்டணப் பாசறையிலும் பெற்றதன்று.

இக் கோடையில் ஊர் திரும்பும் மாணவர் ஒருவர், தம் தெருப்பிள்ளைகள் எண்மரைச் சேர்த்துக்கொண்டு, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதிற்குள் திரும்பினாற் போதும். கையில் ஒரு சுவடி, ஒரு கரிக்கோல், ஆளுக்கொரு குப்பி நீர். தெரியாத உயிரைக் கண்டால் "தெரியவில்லை, கேட்போம்" என்று சொல்லத் தயங்கலாகாது. 1911-இல் இயற்கைக் கல்விக்குப் பெருநூல் எழுதிய அன்னா காம்சுடாக்கு அம்மையாரும் ஆசிரியர்க்கு அதனையே அறிவுறுத்தினார். வயலிலும் கரையிலும் உள்ள முதியவரைக் கேட்டு, அவர் சொல்லும் பெயரை ஒலி மாறாமல் எழுதவேண்டும். அப்பெயரருகே சொன்னவர் எவ்வூரார், என்ன தொழிலர், எந்நாளிற் சொன்னார் என்பனவும், அவ்வுயிரின் கோட்டுருவம் ஒன்றும் இருத்தல் வேண்டும். வரைவது சிறுவர் பங்கு. சுவடியின் படி ஒன்று ஊர்ப்பள்ளி நூலகத்திற்கு.