வீட்டுப் பெயர் வீட்டோடு இருக்கட்டும்!



ஒரு கடைக்குப் பெயர் வைக்க எத்தனை நாள் யோசிக்கிறீர்கள்? வாயில் நுழைகிறதா, பில் புத்தகத்தில் எடுப்பாக இருக்குமா, நாளை மகன் காலத்திலும் நிற்குமா என்று பத்துப் பேரிடம் கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். வியாபாரத்தில் பெயரும் ஒரு முதல்!

ஆனால் அதே வீட்டில் பிறக்கும் பெண் குழந்தைக்கு? உருது பேசும் வீடாக இருந்தால் முன்னி, சோட்டி. தமிழ் பேசும் வீடாக இருந்தால் பாப்பா, குட்டி, பாத்து. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக பேபி! கொஞ்சும்போது இந்தப் பெயர்கள் இனிக்கின்றன. அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் தர்மபுரியிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் இந்தச் செல்லப் பெயரே பிறப்புப் பதிவேட்டிலும் ஏறி, அந்தப் பெண்ணின் ஒரே பெயராக ஆயுள் முழுக்க நின்றுவிடும் குடும்பங்கள் உண்டா இல்லையா? நம் கேள்வி அதைப் பற்றித்தான்.

மார்க்கம் தடுக்கிறதா?

சுருக்கி அழைப்பதோ, செல்லமாக அழைப்பதோ மார்க்கத்திற்கு முரணானது அல்ல. நபி(ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா(ரலி) அவர்களை "ஆயிஷ்" என்று சுருக்கி அழைத்தது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அரபு மொழியில் "தஸ்கீர்" என்றொரு முறை உண்டு. ஒரு சொல்லைச் சிறியதாக்கி, செல்லமாக்கிச் சொல்வது. ஹஸன் என்பதிலிருந்து ஹுஸைன் வந்தது அப்படித்தான். நபியவர்களின் துணைவியரில் ஒருவருக்கு முதலில் இருந்த பெயர் பர்ரா. அதை மாற்றி ஜுவைரிய்யா என்று வைத்தவர் நபி(ஸல்) அவர்களே. அந்தச் சொல்லுக்கே "சிறுமி" என்றுதான் பொருள்!

ஆகவே செல்லப் பெயர் என்பதற்காகவே ஒரு பெயரை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். உமர்(ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு "மாறு செய்பவள்" என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. நபியவர்கள் அதை ஜமீலா என்று மாற்றினார்கள். பெண்ணின் பெயர்தானே, எப்படியிருந்தால் என்ன என்று விட்டுவிடவில்லை. மதிப்போடு வாழ ஒரு நல்ல பெயர் பெண்ணுக்கும் உரிமை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அவ்வையின் பெயர் என்ன?

நம் மாவட்டத்தின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவனின் பெயர் நமக்கு முழுதாகத் தெரியும்: அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுடைய அவையில் புகழோடு இருந்த பெண்பாற் புலவரின் பெயர்? அவ்வை என்பீர்கள். அவ்வை என்பது தாயை, முதிய பெண்ணைக் குறிக்கும் அழைப்புச் சொல். பெற்றோர் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது எங்குமே இல்லை. அவருடைய பாட்டு இருந்ததால் அழைப்புச் சொல்லே புகழ்ப் பெயராகிவிட்டது. பாட்டு எழுதாத நம் வீட்டுப் பெண்களுக்கு யார் அந்தப் புகழைத் தருவார்?

பெயரில் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் நாட்டில் சாட்சிகள் உண்டு. மூன்றாவது, நான்காவது பெண் பிறந்தால் "வேண்டாம்", "போதும்பொண்ணு" என்று பெயர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. திருத்தணி அருகே நாராயணபுரம் கிராமம் இந்த வழக்கத்தால் 2019-ல் செய்தியானது. மராட்டியத்தின் சதாரா மாவட்டத்தில் "நகுசா", அதாவது வேண்டாதவள், என்று பெயரிடப்பட்ட 285 பெண்களுக்கு 2011-ல் அரசே விழா நடத்திப் புதுப் பெயர் சூட்டியது.

பேபிக்கும் வேண்டாமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முன்னது பாசம், பின்னது வெறுப்பு. உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டையே கணக்கெடுத்துப் பாருங்கள். மகனுக்கு ஆலிமிடம் கேட்டு, பொருள் பார்த்து, இரண்டு சொல்லில் பெயர். மகளுக்கு, அதுவும் மூன்றாவது மகளுக்கு, கூப்பிட்ட பெயரே போதும்! அன்பு இருக்கிறது, அக்கறை எங்கே போயிற்று? பெண் சிசுக்கொலைக்காக நாடே பேசிய மாவட்டம் இது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தர்மபுரிக்கும் நீட்டிக்க வேண்டி வந்த மண் இது. பெண்ணை உயிரோடு புதைத்ததைக் கண்டித்த வேதத்தை ஓதும் நாம், அவள் பெயரில்கூடக் குறை வைக்கலாமா?

காகிதம் பேசும் காலம்!

சகோதரர்களே! பழைய காலத்தில் பெயர் தெருவோடு முடிந்தது. இன்று காகிதத்தில்தான் மனிதன் வாழ்கிறான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. 2023-ல் அது திருத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் என்ன பெயர் ஏறுகிறதோ, அதுதான் பின்னால் ஒவ்வொரு காகிதத்திலும் தொடரும்.

ஏறிய பெயரை எளிதில் மாற்றவும் முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்த வழி உண்டு. மனம் மாறிவிட்டது என்பது பிழை ஆகாது. பெரியவளான பிறகு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, பள்ளிச் சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை ஒவ்வொன்றாக அலைய வேண்டும். ஆதாரில்கூட வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரைத் திருத்தலாம்.

வளைகுடா செல்லும் இளைஞர்களே! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது. அந்த இடைவெளியில் தவித்தவர்களைக் கேட்டால் ஒற்றைப் பெயரின் விலை தெரியும். அசாமில் 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் விடுபட்டனர். ஒரு காகிதத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று சிக்கியவர்களில் மணமாகி ஊர் மாறிய பெண்கள் பலர். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்திலும், பழைய பட்டியலில் தன் பெயரையும் பெற்றோர் பெயரையும் தேடி அலைந்ததை நாமே பார்த்தோம்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. சொத்துப் பத்திரங்களில் "பேபி என்கிற இன்னார்" என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த "என்கிற" எழுதப்படாத இடத்தில்தான் வழக்கு முளைக்கிறது. பள்ளியில் ஒரு பெயர், நிக்காஹ் பதிவேட்டில் ஒரு பெயர், தந்தையின் குடும்ப அட்டையில் ஒரு பெயர் என்றால், வாரிசுச் சான்றிதழ் கேட்டு நிற்கும் நாளில் அவள்தான் அவள் என்று யார் நிரூபிப்பது? மகளுக்கு இறைவன் விதித்த பங்கு, பெயர்க் குழப்பத்தில் சகோதரர்கள் கைக்குப் போவதற்கு நாமே வழி செய்து கொடுக்கலாமா?

"பெயரில் என்ன இருக்கிறது?"

சிலர் கேட்கிறார்கள்: கேரளத்தில் குஞ்ஞாலிக்குட்டி அமைச்சராகவில்லையா? எம்.ஏ.பேபி அமைச்சராகவில்லையா? ஆனார்கள். அங்கே அவை பெரியவர்களும் தாங்கும் பெயர்களாகப் பல தலைமுறையாகப் பழகிவிட்டன. ஆண்களும் தாங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்! உங்கள் மகனுக்கு அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள் என்றால் மகளுக்கு மட்டும் ஏன்?

இங்கிலாந்து அரசி எலிசபெத் சிறுமியாக இருந்தபோது தன் பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் "லிலிபெட்" என்றார். வீட்டில் அதுவே நிலைத்தது. 2021 ஜூனில் பேரன் ஹாரிக்குப் பெண் பிறந்தபோது அந்தச் செல்லப் பெயரையே லிலிபெட் டயானா என்று முறையான பெயராக வைத்தார்கள். அது பாட்டியின் நினைவுக்காகத் தேர்ந்தெடுத்து வைத்த பெயர். சோம்பலில் ஒட்டிக்கொண்ட பெயர் அல்ல. அரண்மனைப் பிள்ளையை எந்த அலுவலகமும் அலைக்கழிக்காது. நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

என்ன செய்யலாம்?

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். தவறினாலும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் வழி இருக்கிறது. அகீகா நாளுக்குள் பொருள் அறிந்து ஒரு முழுப் பெயரை முடிவு செய்யுங்கள். எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தில் எழுதுங்கள். பாட்டி அழைக்கும் செல்லப் பெயரே உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? பாத்து என்பவளைப் பதிவேட்டில் பாத்திமா என்று எழுதுங்கள். வீட்டில் பாத்து என்றே கொஞ்சுங்கள். எதுவும் குறையாது.

எழுதும் முன் ஒரே ஒரு சோதனை. நாற்பது வயதில் நீதிமன்றத்திலோ, மருத்துவமனையிலோ, வகுப்பறையிலோ அந்தப் பெயரை உரக்கச் சொல்லி அழைத்தால் உங்கள் மகள் தலை நிமிர்ந்து எழுவாளா? எழுவாள் என்றால் எழுதுங்கள். தயக்கம் இருந்தால் பேனாவை மூடிவிட்டு, இன்னொரு நாள் யோசியுங்கள். கடைப் பலகைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது மகளுக்குக் கொடுங்கள்!