மேசைமேல் ஒரு மலை ரயில்

இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், வீட்டு மேசையின்மேல் சிறு ரயில் பாதை அமைத்து அதனை டிஜிட்டல் முறையில் இயக்கும் கலையாகும். அதனைக் கட்டும் வகையையும், அது நின்றுபோனால் பழுதைக் கண்டறியும் வகையையும் காண்போம். ரயிலே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் இது எதற்கு என்று சிலர் வினவலாம். ரயில் இல்லாத இடத்துப் பிள்ளைகளுக்கே இது மிகுதியும் வேண்டும் என்பது என் கருத்து.

உடும்பஞ்சோலையில் வாழும் நமக்கு அண்மையிலுள்ள ரயில் நிலையம் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரில் உள்ளது. போடிமெட்டைக் கடந்து, கொண்டையூசி வளைவுகளில் இறங்கித்தான் அதனை அடைதல் வேண்டும். 1928-இல் அவ்வூருக்கு வந்த பாதை, அகலப் பாதையாக மாற்றும் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 2023 ஜூன் 15 முதல்தான் அங்கே மீண்டும் ரயில் வந்து செல்கிறது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நம் பிள்ளைகள் எத்துணையோ பேர் போடியில் ரயிலைக் காணாமலே வளர்ந்துவிட்டனர்.

ஆயினும் இம்மலைமேலேயே ரயில் ஓடிய காலம் ஒன்று இருந்தது. நமக்கு அடுத்த தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கிற்று. ஒரு சக்கர வரிசை தண்டவாளத்தின்மேலும், பெரிய துணைச் சக்கரம் சாலையின்மேலும் உருள, மாடுகள் அதனை இழுத்தன. 1908-இல் அதற்கு மாற்றாக இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதை வந்தது. நீராவி எஞ்சின்கள் ஓடின. அதுவே குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் சென்று, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றன. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், மலையாள ஆண்டுக் கணக்கால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் வழங்கப்படுவது, அப்பாதையைச் சிதைத்தது. பின்னர் அது கட்டப்படவே இல்லை. சமவெளியிலிருந்து மலையேறி வந்த நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களின் உழைப்போடு பிணைந்த அந்த ரயிலை நம் பிள்ளைகள் மேசைமேல் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது பொருத்தமன்றோ?

அளவும் பலகையும்

மாதிரி ரயில்களில் பரவலானது ஹெச்.ஓ. எனப்படும் அளவு. மெய்யான வண்டியில் 87-இல் ஒரு பங்கு. பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதனினும் சிறியது என் அளவு. அது 160-இல் ஒரு பங்கு. பாதை 9 மில்லிமீட்டர். இரண்டடிப் பாதையைக் காட்ட விழைவோர், என் அளவுப் பாதையையும் எஞ்சின் அடிச்சட்டத்தையும் கொண்டு, அதன்மேல் 76-இல் ஒரு பங்கு அளவில் வண்டியுடலைச் செய்து பொருத்துவர். வண்டி சற்றுப் பருத்தும் பாதை ஒடுங்கியும் தோன்றுவதால், மலை ரயிலின் சாயல் தானே வந்துவிடும். இவ்வகைக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பலகை போதும். ஒன்பது அங்குல ஆரமுள்ள வளைவிலும் சிறு எஞ்சின் தடையின்றித் திரும்பும்.

நம் ஊரின் மழையும் மூடுபனியும் பலகைக்குப் பகை. ஆகவே நல்ல ஒட்டுப்பலகை வாங்கி, மேல், கீழ், விளிம்பு என எல்லாப் பக்கமும் வண்ணம் பூசி உலர்த்திய பின்னரே பாதையைப் பதிக்க வேண்டும். பூசாத மரம் ஆடி மாதத்தில் ஈரம் குடித்து உப்பும், மாசியில் வற்றிச் சுருங்கும், பாதை நெளியும். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளமே வாங்குக. பெயரில் வெள்ளி இருப்பினும் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகமே. ஏற்றம் வைப்பதாயின் ஐம்பது அங்குலத்திற்கு ஓர் அங்குலம் உயர்வது நன்று. அதற்கு மிஞ்சினால் சிறு எஞ்சின் சில பெட்டிகளோடே மூச்சு வாங்கும்.

டிஜிட்டல் முறை யாது?

பழைய முறையில், தண்டவாளத்தில் செலுத்தும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரையும், குறைத்தால் தளரும், மின்முனைகளை மாற்றினால் பின்னோக்கி ஓடும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒருங்கே ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட இயலாது.

டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தமும் இருக்கும். அதன் முனைகள் இடைவிடாது மாறிக்கொண்டே இருக்கும்; அம்மாற்றமே செய்தியாகும். ஒரு துடிப்பின் பாதி, விநாடியின் பத்து லட்சத்தில் 58 பங்கு நீடித்தால் அது ஒன்று. 100 பங்கோ அதற்கு மேலோ நீடித்தால் அது சுழி. இந்த ஒன்றும் சுழியும் சேர்ந்து, ‘மூன்றாம் எண் எஞ்சினே, முன்னோக்கி இவ்வளவு விரைவில் செல்க’ என்னும் கட்டளையாகின்றன. ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்னும் சிறு மின்பலகை உண்டு. தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் அது ஏற்கும், பிறவற்றைப் பொருட்படுத்தாது. நெரிசலான சந்தையில் தன் பெயர் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பவரைப் போன்றது அது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த இம்முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொது இலக்கணமாக்கிற்று. ஆதலின் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவி மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினையும் இயக்கும்.

கடையில் விற்கும் கட்டுப்பாட்டுக் கருவி நம் வருவாய்க்குச் சுமையாகலாம். ஆர்டுவினோ என்னும் மின்பலகை, அதன்மேல் பொருந்தும் மோட்டார் ஷீல்டு, 12 வோல்ட் மின்வழங்கி ஆகிய மூன்றையும் கொண்டு அக்கருவியை வீட்டிலேயே அமைக்கலாம். அதற்குரிய டி.சி.சி.-இ.எக்ஸ். என்னும் மென்பொருளும், பழைய கணினி வழியே கைபேசியால் வண்டியோட்ட உதவும் ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளும் விலையின்றிக் கிடைக்கின்றன. முதல் எஞ்சினை மட்டும் டிகோடர் பொருத்தியதாகவே வாங்குவது நன்று. சிறிய உடலுக்குள் அதனைப் பொருத்துதல் புதியவர்க்கு எளிதன்று.

பழுதை எண்ணியே கட்டுக

இப்போது நம் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். பழுது வரும், ஐயமில்லை. பழுது வந்தபின் தேடுவோர் பலர். தேடுவதற்கு வாய்ப்பாகவே கட்டுவோர் சிலர். அச்சிலருள் ஒருவராக நாம் இருத்தல் வேண்டும்.

முதலாவதாக, பலகையின் அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த கம்பிகளை நெடுக ஓட்டுக. தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் மெல்லிய கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து அவற்றோடு சேர்க்க. ஒரு தண்டவாளத்திற்கு எங்கும் சிவப்பு, மற்றதற்கு எங்கும் கறுப்பு. ஓரிடத்தில் மாறினாலும் ஷார்ட் ஆகும். துண்டுகளை இணைக்கும் தகட்டை மட்டும் நம்பலாகாது. ஈரத்தில் அது கறுத்து மின்னோட்டத்தைத் தடுக்கும். பற்றவைக்கும் வேலையைப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு செய்க.

இரண்டாவதாக, பாதையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கிடையே இரு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பிகளை இடுக. ஒவ்வொரு பகுதியின் கம்பிகளையும் திருகாணி உள்ள கனெக்டர் வழியாகத் தடித்த கம்பியோடு சேர்த்தால், வேண்டும்போது கழற்றலாம்.

மூன்றாவதாக, வண்டி ஏற்றுமுன் நாணயச் சோதனை செய்க. கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கி, ஒரு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே கணநேரம் வைத்தால், கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பாதையின் கடைக்கோடி வரை பலவிடத்தும் இதனைச் செய்க. துண்டிக்காத இடத்தில் கம்பி போதவில்லை என்பது பொருள். அதனை விட்டுவைத்தால், பின்னர் வண்டி தடம் புரளும்போது சக்கரமும் டிகோடரும் வெந்துபோகும்.

நின்றுபோனால் கேட்கவேண்டியவை

மழைக்கால மாலையொன்றில் எஞ்சின் வளைவில் நின்றுவிட்டது என்று கொள்வோம். டிகோடர் கெட்டது என்று முடிவுகட்டிப் புதியதற்குப் பணம் அனுப்புகிறார் தந்தை. பதினைந்து நாள் கழித்து வந்ததும் அதே வளைவில் நிற்கிறது. பணம் போயிற்று, பிள்ளையின் ஆர்வமும் போயிற்று, பலகை சுவரோரம் சாய்ந்தது. ஏலக்காய் விலை இறங்கிய ஆண்டில் அப்பணம் சிறிதன்று. இதனைத் தவிர்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: எல்லா எஞ்சினும் ஓரிடத்தில் நிற்கின்றனவா, ஓர் எஞ்சின் எல்லா இடத்திலும் நிற்கின்றதா? முன்னதாயின் பழுது பாதையில், பின்னதாயின் எஞ்சினில். ஓர் எஞ்சினே உடையோர் நண்பரின் எஞ்சினைச் சற்றே இரவல் பெற்று இவ்விடையைக் காணலாம்.

பாதையில் பழுதெனின் முதலில் துடைத்துப் பார்க்க. மின்சாரத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் துடைத்து நன்கு உலரவிடுக. அது எளிதில் தீப்பற்றும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. அக்கீறல்களில் அழுக்கு மேலும் தங்கும். அதன் பின்னும் நின்றால் மீட்டர் வைத்துப் பார்க்க. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கறுத்த இணைப்பும், வண்டி ஓடாதபோது முழு மின்னழுத்தத்தையே காட்டும். சுமை ஏறியவுடன்தான் அதன் குறை வெளிப்படும். ஆகவே 12 வோல்ட் சிறு விளக்கொன்றைச் சுமையாக வைத்து, நல்ல இடத்தின் அளவோடு பழுதான இடத்தின் அளவை ஒப்பிடுக. எண்ணைவிட ஒப்பீடே முக்கியம். சாதாரண மீட்டர் இவ்விரைந்த துடிப்பைச் செவ்வையாக அளக்காது.

ஷார்ட் எனின், முதலில் வண்டிகள் அனைத்தையும் எடுத்துவிடுக. பழுது நீங்கினால் குற்றம் வண்டியில். நீங்காவிடில் நான்கு பகுதிகளுள் இரண்டைக் கழற்றுக. இப்போது நீங்கினால் கழற்றிய இரண்டிலும், நீங்காவிடில் எஞ்சிய இரண்டிலும் குற்றம் உள்ளது. அவ்விரண்டில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இடம் அகப்படும். இரண்டே சோதனைகளில் தேடுமிடம் கால்பங்காகிறது. அங்கே மறந்துவிட்ட ஆணியோ, கம்பித்துணுக்கோ, பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் மூக்குப் பகுதியோ காரணமாயிருக்கும். பாதை வளைந்து தன்மேலே திரும்பிச் சேர்ந்தாலும் ஷார்ட் ஆகும். அதற்குத் தனிக்கருவி வேண்டும். இருமுனையும் தனித்து நிற்கும் மூணாறு–டாப் ஸ்டேஷன் பாதைக்கு அவ்வில்லங்கம் இல்லை.

எஞ்சின் மட்டும் அசையவில்லையெனின், சக்கரங்களையும் அவற்றைத் தொடும் மெல்லிய தகடுகளையும் துடைக்க. பின்னும் அசையாவிடில் எண்ணை மறந்திருக்கலாம். டிகோடரின் அமைப்புகள் சி.வி. என்னும் எண்ணிட்ட அறைகளில் உள்ளன. பல நிறுவனங்களின் டிகோடர்களில் எட்டாம் அறையில் எட்டு என்று எழுதினால் அது பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது அதன் எண் மூன்று. இவையெல்லாம் பார்த்த பின்னரே புதியது வாங்க நினைக்க வேண்டும். இடிமழை மாதங்களில் ஆட்டம் முடிந்ததும் மின்வழங்கியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக.

விளையாட்டுத்தானா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் 1946-இல் மாணவர் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், பலகைக்கு அடியில் கம்பி பூட்டிய இளைஞர் சிலரே பின்னர் அங்குக் கணினிக் கலையின் முன்னோடிகளாயினர். நம் நாட்டில் புனே நகரத்தில் பாவுசாகேப் ஜோஷி தம் கைவேலையால் வளர்த்த சிறு ரயில் உலகம் 1998 முதல் மக்கள் கண்டு மகிழும் காட்சியகமாக விளங்குகிறது. இவர்கள் எல்லாரும் விளையாட்டில் தொடங்கியவர்களே.

நம் பிள்ளைகள் நாளை திருப்பூருக்கோ, கொச்சிக்கோ, கடல் கடந்தோ செல்லலாம். எங்கே சென்றாலும், நின்றுபோன பொருளின் முன்னே பதறாமல், ‘இது எல்லா இடத்திலுமா, ஓரிடத்திலா?’ என்று கேட்டு, பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பழக்கம் அவர்களுடன் செல்லும். விலையுயர்ந்த பொருளை ஐயுறுமுன் இரண்டு காசு இணைப்பை ஐயுறும் அறிவும் செல்லும். இவ்விடுமுறையில் ஒரு பலகையை அறுத்து வண்ணம் பூசத் தொடங்குங்கள். அது உலர்வதற்குள், குண்டளைப் பாதை சென்ற வழியை வீட்டிலுள்ள முதியோரிடம் பிள்ளைகள் கேட்டறியட்டும்.