மலிவு மாத்திரை வென்றது; முரசறைய ஆளில்லை!

இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என்றாலே, "அது சீமான்களின் நோய், நமக்கேன் அந்தக் கவலை?" என்று பேசும் தோழர்கள் இன்றும் உண்டு. நெய்யும் பாலும் உண்டு மெத்தையில் சாய்ந்து கிடப்பவனுக்குத்தான் நெஞ்சு வலிக்கும், மூட்டை தூக்குபவனுக்கு அது எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு. தவறு என்று நாம் ஊகித்துச் சொல்லவில்லை. தலைகளை எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இலண்டன் நகரத்து அரசு அலுவலகங்களில் 1967-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. ஒயிட்ஹால் ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். இலாகாவின் தலைமை அதிகாரி முதல் தபால் கட்டுச் சுமக்கும் கடைநிலைச் சேவகர் வரை 17,000-க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களின் இரத்த அழுத்தம், புகைப் பழக்கம், உடற்பருமன் அனைத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். பிறகு யார் எதனால் மாண்டார் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்தார்கள். பொறுப்பின் பாரம் தாங்காமல் மேலதிகாரியின் இருதயந்தான் முதலில் நொறுங்கும் என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1978-ல் மைக்கேல் மார்மட்டும் அவர் கூட்டாளிகளும் கணக்கை வெளியிட்டனர். இருதய நோயால் மாண்டோர் விகிதம், மேல்தட்டைக் காட்டிலும் கடைத்தட்டில் மூன்று மடங்குக்கும் அதிகம்! புகையைக் கழித்து, கொழுப்பைக் கழித்து, கொதிப்பைக் கழித்துப் பார்த்தும், அந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் விளக்கம் கிடைக்காமலே நின்றது.

அதற்கும் முன்பே, 1953-ல், அதே இலண்டனின் மாடி பஸ்களில் இன்னொரு கணக்கு எடுக்கப்பட்டது. நாளெல்லாம் உட்கார்ந்தே வண்டி ஓட்டும் டிரைவரைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கி டிக்கெட் கிழிக்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் காட்டினார். காட்டியதோடு அவர் மகிழ்ந்து உட்கார்ந்துவிடவில்லை. கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு வேலையில் சேரும்போதே சற்றுப் பெருத்திருந்தது தெரிந்தது. அதையும் 1956-ல் அவரே வெளியிட்டார்! தம் முடிவுக்கு எதிராகத் தாமே சாட்சி தேடுகிற அந்த நேர்மைக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். இந்தக் கட்டுரையில் பிறகு வரப்போகும் சிலரோடு ஒப்பிட்டுப் பார்க்க, தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, உழைப்பவனையும் இந்நோய் விடாது என்றாகிவிட்டது. உழைப்பவன் காசுக்கு எட்டும் மருந்து எது? இங்கேதான் நாம் சொல்ல வந்த கதை தொடங்குகிறது.

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. மன்னனுக்கும் இல்லை, மண் சுமப்பவனுக்கும் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1944 மார்ச்சில் 186-க்கு 108. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், மூளையில் இரத்தம் கசிந்து அவர் சாய்ந்தபோது 300-க்கு 190! படைகளும் கப்பல்களும் அணுகுண்டு ஆலையும் கைவசம் வைத்திருந்தவருக்கு, இன்று நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாத்திரை இல்லை.

பிறகு மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்றின் வேர் நம் நாட்டு மண்ணிலே இருந்தது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரைக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. வேர் நம்முடையது, புட்டி அவர்களுடையது! இந்தப் பழைய கதையை இங்கே நீட்ட வேண்டாம்.

மருந்து அழுத்தத்தைக் குறைத்தது உண்மை. ஆனால், அழுத்தம் குறைந்தால் ஆயுள் நீளுமா? அக்காலத்து டாக்டர்களிலேயே பலர் ஐயுற்றனர். எட்வர்ட் ஃபிரைஸ் என்பவர் தலைமையில், அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் அதைச் சோதித்தன. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். 73 பேருக்கு மருந்து. 70 பேருக்கு மருந்துபோல் தோன்றும் வெற்று மாத்திரை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. வெற்று மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குக் கடும் ஆபத்து நேர்ந்தது, அவர்களில் நால்வர் மாண்டனர். மருந்து உண்டவர்களில் ஆபத்து கண்டவர் இருவரே, மாண்டவர் எவருமிலர். இது 1967-ல் வெளிவந்தது. அன்று கொடுக்கப்பட்ட மருந்துகளில் நம் சர்ப்பகந்தாவின் ரெசர்ப்பினும் ஒன்று. சிறுநீரை அதிகமாக்கி உப்பை வெளியேற்றும் மலிவான மாத்திரை இன்னொன்று.

அந்த மலிவான வகையைச் சேர்ந்ததுதான் குளோர்தாலிடோன். 1960-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. காலம் ஓடிற்று, அதன் காப்புரிமை தீர்ந்தது, விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்ததும் மதிப்பும் வீழ்ந்தது! புதுப் பெயர்கள் புறப்பட்டன: 1987-ல் லிசினோபிரில், 1990-ல் டாக்சசோசின், 1992-ல் அம்லோடிபின். புதியது சிறந்தது என்றார்கள். டாக்டரின் மேசைமேல் பேனா வந்தது, காலண்டர் வந்தது, மாதிரிப் பெட்டி வந்தது. அம்லோடிபின் உலகிலேயே மிக அதிகமாக விற்கும் கொதிப்பு மருந்தாயிற்று. பழையதைவிடப் புதியது உயிரைக் கூடுதலாகக் காக்கிறதா என்று மட்டும் எவரும் பக்கத்தில் பக்கம் நிறுத்திப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கப் போகிறார்கள்? தன் குதிரையைக் கிழட்டுக் குதிரையோடு பந்தயம் விட்டுத் தோற்றால், நட்டம் யாருக்கு?

பந்தயத்தை நடத்தியது மக்கள் வரிப்பணம். அமெரிக்க அரசின் தேசிய இருதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிலையம் 1994-ல் தொடங்கி 2002 வரை நடத்திய அந்தப் பெரும் சோதனைக்கு ஆல்ஹாட் என்று பெயர். மருந்துக் கம்பெனிகள் மாத்திரை கொடுத்தன, ஒரு கம்பெனி பணமும் கொடுத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டதும் கடிவாளத்தைப் பிடித்ததும் பொது நிறுவனம். 55 வயதுக்கு மேற்பட்ட 42,418 பேர் தங்கள் உடலைக் கொடுத்தனர். மூன்றிலொரு பங்கினர் கறுப்பு மக்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். யார் விழுங்குவது எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

முதலில் விழுந்தது டாக்சசோசின். பழைய மாத்திரையோடு ஒப்பிட்டால் இருதயம் தளர்ந்துபோகும் நோய் அந்தப் பிரிவில் இரு மடங்காயிற்று. 2000-ஆம் ஆண்டிலேயே அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். அழுத்தத்தைக் குறைக்கிறது என்று சொல்லி விற்கப்பட்ட மருந்துதான் அதுவும்! எண் இறங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது.

2002 டிசம்பரில் மற்ற மூன்றின் முடிவும் வந்தது. மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றும் சமம். விலையுயர்ந்த இரண்டும் ஓர் இழை கூட மேலேறவில்லை. மற்ற ஆபத்துக்களில் பழைய மாத்திரையே முந்திற்று: அம்லோடிபின் உண்டவர்களிடம் இருதயத் தளர்ச்சி 38 விழுக்காடு கூடுதல், லிசினோபிரில் உண்டவர்களிடம் பக்கவாதம் 15 விழுக்காடு, இருதயத் தளர்ச்சி 19 விழுக்காடு கூடுதல். மலிவானதை முதலில் கொடுங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினர்.

எதிர்வாதம் இல்லையா? உண்டு, அதையும் சொல்லாவிட்டால் மாரிஸ் டாக்டரைப் புகழ நமக்கு யோக்கியதை கிடையாது. பழைய மாத்திரை உண்டவர்களிடம் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர் சற்று அதிகம். உடலில் பொட்டாசியம் குறைவதும் உண்டு. லிசினோபிரில் பிரிவில் அழுத்தம் போதிய அளவு இறங்கவில்லை, கறுப்பு மக்களிடம் அம்மருந்து தனியாக நன்கு வேலை செய்வதில்லை, பக்கவாதம் கூடியதற்கு அதுவே காரணம் என்றும் வாதாடினர். நியாயமான வாதங்களே. பெரும்பாலோருக்கு ஒரு மாத்திரை போதாது, இரண்டு மூன்று சேர வேண்டும் என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்ததுதான். எனவே இதைப் படித்துவிட்டு எந்தத் தோழரும் தாம் உண்ணும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இருதயத் தளர்ச்சிக்கும் சிறுநீரக நோய்க்கும் லிசினோபிரில் வகையே தேவைப்படும் நோயாளிகள் உண்டு. அதை டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் ஒன்று: "புதியது, ஆகவே சிறந்தது, ஆகவே இருபது மடங்கு விலை" என்ற வியாபார வாதம் மட்டும் எழுந்து நிற்கவே இல்லை.

இவ்வளவு பெரிய செய்தி வந்தபின் என்ன நடந்திருக்க வேண்டும்? மருந்துச் சீட்டுகள் மாறியிருக்க வேண்டும். மாறினவா? சிறிதளவே. ஆய்வு நிலையம் டாக்டர்களையே ஊர் ஊராக அனுப்பி முடிவைச் சொல்லிப் பார்த்தது. கம்பெனிகளின் விற்பனைப் பட்டாளத்துக்கு முன் அந்தச் சிறு குழு என்ன செய்யும்? பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவழித்த ஆய்வுக்குக் கிடைத்த பலன் சொற்பமே என்று 2008-ல் நியூயார்க் டைம்ஸ் ஏடே எழுதிற்று. காப்புரிமை தீர்ந்த மாத்திரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வாயிலில் காத்திருக்க ஆள் கிடையாது. விருந்து வைக்க ஆள் கிடையாது. பொய்யை மறுக்கலாம், பேசுவாரில்லாத மெய்யை என்ன செய்வது?

அம்லோடிபின் காப்புரிமையும் 2007-ல் அமெரிக்காவில் தீர்ந்தது. அதன் விலையும் இறங்கிற்று. நேற்றுவரை சீமாட்டியாக இருந்தது இன்று தெருவுக்கு வந்துவிட்டது. இன்று இந்தியாவில் அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் மூன்றுமே மலிவு வரிசையில்தான் நிற்கின்றன. 2017-ல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பட்டியலில் இருப்பவையும் இவையே. ஆல்ஹாட் தொடங்கிய அதே 1994-ல்தான் தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. கம்பெனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல், மருந்தின் பெயரால் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையை அது நடத்திக் காட்டிற்று. அங்கே ஆராய்ச்சி சொன்னதை இங்கே கொள்முதல் செய்தது என்று கூறலாம்.

அப்படியானால் நோய் அடங்கிவிட்டதா? இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு இந்நோய் என்கிறது. ஐவரில் நால்வருக்குப் போதிய சிகிச்சை இல்லை என்கிறது. இந்தியாவில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் நோயுள்ளவர் சுமார் 18 கோடியே 80 இலட்சம் பேர். மருந்தின் விலை தடையாக இருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. வேறு தடைகள் நிற்கின்றன.

நோய் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்கு அளந்து பார்க்க யார் போகிறார்? அளந்து, மாத்திரை வாங்கி, "உடம்பு சரியாகிவிட்டது" என்று இரண்டு மாதத்தில் நிறுத்துபவர் எத்தனை பேர்! நிறுத்தியவரைத் திட்டுவது எளிது. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை வந்து வாங்கிப்போ என்றால், வரிசையில் நிற்கும் நாளெல்லாம் கூலி போகும் நாள் என்பதை எழுதுகோல் பிடித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். இலவச மாத்திரைக்கு அவன் கொடுக்கும் விலை ஒரு நாள் கூலி! ஒரே நடையில் முப்பது நாளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது மேற்சொன்ன திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டது எல்லா ஊரிலும் நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குச் செல்லும் தோழர்கள், மேல் எண், கீழ் எண் இரண்டையும் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வரட்டும். மாத்திரையின் பெயரையும், முப்பது நாளைக்குத் தந்தார்களா ஏழு நாளைக்குத்தானா என்பதையும் குறித்து வரட்டும். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு போட்டு அவற்றை வரிசையாக எழுதி வைத்தால், மூன்று மாதத்தில் அந்த வட்டாரத்தின் நிலவரம் கையில் இருக்கும்.