“பேஷாக இருந்தது” என்று சொல்லாதீர்கள்!

சகோதரிகளே, கல்யாண வீட்டு ரசத்தில் உப்புத் தூக்கலாக இருந்தாலும், கேட்டவர்களிடம் “பேஷாக இருந்தது!” என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் நாம். அந்த நல்ல குணத்தை ஆஸ்பத்திரிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ வருகிறதல்லவா? 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே க்ஷயரோகிகளுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. க்ஷயத்துக்கு நேரான மருந்து கிடைக்காத காலம். நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு இவைதாம் சிகிச்சை. நோயாளியை வேறு சூழ்நிலைக்குக் கொண்டுபோனார்கள்.

இன்றோ, சூழ்நிலையே ஒரு கண்ணாடிக்குள் அடங்கி நோயாளியிடம் வருகிறது! ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ என்கிறார்கள். முகத்தில் மாட்டிக்கொண்டால், திரும்பிய பக்கமெல்லாம் வேறோர் உலகம். அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் ஹாஃப்மன், பாட்டர்ஸன் என்ற இரு நிபுணர்கள் 1996-ல் இதை வலி தணிக்கப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, நோயாளி பனி உலகில் பனிக்கட்டி எறிந்து விளையாடிக்கொண்டிருப்பார். மனம் அங்கே போய்விட்டால், வலியைக் கவனிக்க இங்கே மிச்சம் ஏது? 2021-ல் தீராத முதுகுவலிக்கு இத்தகைய ஒரு கருவியை அமெரிக்க அரசாங்கமும் அனுமதித்தது.

ஆனால், பலன் உண்டா இல்லையா என்று எப்படித் தெரியும்? காய்ச்சலுக்குத் தர்மாமீட்டர் இருக்கிறது, வலிக்கு இல்லை. பூஜ்யம் முதல் 10 வரை எத்தனை என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும். இன்னொன்று: கண் ஓடுகிறது, உடம்போ நாற்காலியில் இருக்கிறது. இதனால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். விமானப் பயிற்சிக் கருவிகளில் இதே தொல்லையைக் கண்டு, கென்னடி முதலானோர் 1993-ல் 16 அறிகுறிகள் கொண்ட கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை, கொஞ்சம், மிதம், கடுமை’ என்று பதில். இன்றும் அதுதான் பெரிதும் வழங்குகிறது.

அதில் இல்லாதவற்றையும் சொல்லுங்கள். கொண்டைக்கு மேல் பட்டை உட்கார்ந்ததா? மூக்குக் கண்ணாடியோடு மாட்ட முடிந்ததா? கனத்தில் கழுத்து வலித்ததா? உள்ளே பேசிய பாஷை புரிந்ததா? வலிப்பு வந்ததுண்டு என்றாலோ, பஸ் பிரயாணமே ஒத்துக்கொள்ளாது என்றாலோ, மாட்டிக்கொள்ளும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாமியாரை அழைத்துப் போகிறீர்களா? அவர் “பரவாயில்லை அம்மா” என்றுதான் சொல்வார். விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டாக்டரின் மனம் கோணுமே என்று அவர் மறைக்கிற தலைசுற்றல், ‘இது எல்லோருக்கும் சௌகரியம்’ என்று ஏட்டில் ஏறிவிடும். அதை நம்பி அடுத்தபடி அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறவர் உங்கள் தாயாராகவே இருக்கலாம்.