டீசல் கார்களின் புகை: சோதனைக்கூட அளவும் சாலை அளவும்

"எல்லா வண்டிகளுக்கும் புகைச் சான்றிதழ் இருக்கிறது, பிறகு ஏன் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தாலே மூச்சு இரைக்கிறது?" தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளைச் சேர்ந்த ஆஸ்துமா நோயாளிகள் எழுப்பும் இக்கேள்வி நியாயமானதே.

டீசல் வண்டிக்கு வழங்கப்படும் அச்சான்றிதழ் புகையின் அடர்த்தியை மட்டுமே காட்டுகிறது. நுண்ணிய மூச்சுக்குழாய்களை அழற்சியுறச் செய்யும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதில்லை. புதிய கார் ரகம் ஒப்புதல் பெறும்போது அவை அளக்கப்படுகின்றன. ஆனால் நெடுங்காலம் அந்த அளவீடு சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல், முன்பே வகுத்த வேகத்தில் மட்டுமே நடந்துவந்தது.

இதன் குறை 2015 செப்டம்பரில் உலகறிய வெளிப்பட்டது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் மாசைக் குறைக்கும் மென்பொருள் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் இருந்ததை அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தனர். இந்தியாவில் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் அக்கார்களைச் சாலையில் ஓட்டி அளந்தபோது, மாசு பாரத் ஸ்டேஜ் 4 வரம்பைப் போல் 1.1 முதல் 2.6 மடங்கு வரை இருந்தது. டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. சாலையில் அளக்க வேண்டும் என்ற விதி அப்போது இங்கு இல்லை என்பதே இதில் பெரிய செய்தி.

ஏமாற்று மென்பொருள் இல்லாத கார்களிலும் இடைவெளி உண்டு. மாசைக் குறைக்கும் வினையூக்கி போதிய வெப்பம் அடைந்தால்தான் நன்கு வேலை செய்யும். பண்டிகைக்கு முந்தைய மாலையில் பெருங்களத்தூரில் ஊர்ந்து நிற்கும் வண்டியில் அது எளிதன்று.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தது. டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைந்தது. 2023 ஏப்ரல் முதல் சாலைச் சோதனையும் கட்டாயமாயிற்று. இது உண்மையான முன்னேற்றம். எனினும் பழைய கார்களும், அவற்றைவிடப் பெரிய மாசு மூலங்களான பழைய லாரிகளும் அதே சாலையில்தான் ஓடுகின்றன.

ஆகவே, சான்றிதழை நம்பி உங்கள் அறிகுறிகளைப் புறக்கணிக்காதீர்கள். நடைப்பயிற்சியை உட்புறத் தெருக்களில் வைத்துக்கொள்ளுங்கள்; சிக்னல் அருகே குழந்தையுடன் காத்திருக்க நேர்ந்தால் சில அடிகள் பின்தள்ளி நில்லுங்கள். நெரிசலில் காரின் கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏ.சி.யை வைப்பது உதவும். என்95 முகக்கவசம் நுண்துகள்களைத் தடுக்கும்; நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைத் தடுக்காது. துணி முகக்கவசம் இரண்டிற்கும் போதாது.

அன்றாடத் தடுப்பு இன்ஹேலரை, நலமாக உள்ள நாட்களிலும் நிறுத்தாதீர்கள். நிவாரண இன்ஹேலர் வாரத்திற்கு இரு முறைக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைக் காணுங்கள். நிவாரண இன்ஹேலருக்குப் பின்னும் மூச்சுத்திணறல் தணியாவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.