டெசிபலுக்குத் தாய்மொழி கிடையாது

பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டு மேஷ்ட்ரு (ரிடையர்டு ஹைஸ்கூல் வாத்தியார்) காம்பவுண்டு சுவரோரம் வந்து நின்னார். "சார், ஸவுண்ட் ஸ்வல்ப கம்மி மாடி.. மொம்மகளிகெ பரீக்ஷெ இதெ" ன்னார். பேத்திக்குப் பரீட்சையாம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கணுமாம். அவ்வளவுதான் சொன்னார்.

அன்னிக்கு ராத்திரி ஊர்க்கார நண்பன்கிட்ட போன்ல இதைச் சொன்னேன். "மச்சி, தமிழன்னு தெரிஞ்சுதான் வம்புக்கு வர்றாங்க. விடாதே! உன் வீடு, உன் கரண்டு" ன்னான். எனக்கும் அஞ்சு நிமிஷம் ரத்தம் சூடாச்சு. மைசூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆனாலும் இந்த வசனத்துக்கு நம்மாளு யாரா இருந்தாலும் சூடாகும்.

மறுநாள் தங்கமணியை மெஷினைப் போடச் சொல்லிட்டு, மேஷ்ட்ரு வீட்டுப் பக்கம் போய் நின்னு கேட்டேன். சூடு இறங்கிடுச்சு.

மேட்டர் இதுதான். ஆணி புடுங்கின நேரம் போக மீதி நேரத்துல மரவேலை செய்யறேன். மரத்தூள் மனுஷனுக்குப் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லயே சொல்லிடுச்சு. அதனால தூசி உறிஞ்சும் மெஷின் ஒண்ணு வாங்கி, வீட்டுக்குள்ள இரைச்சல் வேண்டாம்னு பக்கவாட்டுச் சந்துல வெச்சு, ஜன்னல் வழியா குழாயை உள்ள விட்டிருந்தேன். என் நுரையீரலும் பத்திரம், என் காதும் பத்திரம். இரைச்சல் மொத்தமும் மேஷ்ட்ருவுக்கு! இதைச் செஞ்சுட்டு "தமிழன்னு இளக்காரம்" னு பேச எனக்கு என்ன யோக்கியதை?

2016 செப்டம்பர்ல காவிரிப் பிரச்சினையில பெங்களூர்ல தமிழ்நாட்டு பஸ்ஸெல்லாம் எரிஞ்சப்போ நாம பட்ட பயம் நிஜம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா அந்த நிஜமான பயத்தை நம்ம சில்லறைத் தப்புக்கெல்லாம் கேடயமாத் தூக்கினா, நாளைக்கு நிஜமாவே அநியாயம் நடக்கும்போது நம்மளை யார் நம்புவா? 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் 45. அதுல கன்னடத்துக்கு ஒண்ணு, தமிழுக்கு ஒண்ணுன்னு இல்லை.

சரி, என்ன செஞ்சேன்? முதல்ல தார்ப்பாய். அது மழையைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டை ஒட்டலாம்னு ஒருத்தர் சொன்னார். சுத்த ஏமாத்து. சத்தத்தைத் தடுக்கிறது கனம். அதனால 12 மி.மீ. மரைன் பிளைவுட்ல அடி இல்லாத ஒரு பெட்டி செஞ்சேன். வாடகை வீடு, ஆணி அடிச்சா ஓனர் முறைப்பார். அதனால ரெண்டு பக்கமும் கைப்பிடி. ரெண்டு பேரா தூக்கி மெஷின் மேல கவிழ்க்க வேண்டியது, வேலை முடிஞ்சா எடுத்துட வேண்டியது. மழைக்கு மேல்பக்கம் சரிவு. உள்பக்கம் ராக் வூல், நார் பறக்காம இருக்க மேல துணி. அடி விளிம்புல ரப்பர். இடைவெளி விஷயத்துல கறாரா இருங்க. பெட்டிப் பரப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே, எவ்வளவு கனமான பலகை போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல குறையாது.

அதுக்காக முழுசா அடைச்சா மோட்டார் வெந்துடும். உறிஞ்சின காத்தும் வெளிய போகணும். அதுக்கு குழாய் வாயை விடப் பெரிசா, மூணு வளைவு வளைச்சு, ராக் வூல் ஒட்டின ஒரு வழி. காத்து வளைஞ்சு போயிடும், சத்தம் பெரும்பாலும் உள்ளயே மாட்டிக்கும். அந்த வாயை என் வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் வெச்சிருக்கேன். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி மோட்டார் சூட்டையும் பார்த்துடுவேன்.

மேஷ்ட்ரு சுவரோரம் போன்ல அளந்தப்போ முன்னாடி 76, இப்ப 61. போன் மீட்டர் துல்லியம் கிடையாது, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்குங்க. பத்து டெசிபல் குறைஞ்சாலே காதுக்குப் பாதி சத்தமாத்தான் கேட்கும். ஆனா 61-ம் 55 இல்லையே! அதனால சனிக்கிழமை பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மட்டும்தான் ஓட்டறேன். பரீட்சை முடியற வரைக்கும் மெஷினைத் தொடவே இல்லை. பெட்டி செஞ்சுட்டோம்னு அந்தக் கடமை தீர்ந்துடாது.

மைசூரோ மஸ்கட்டோ, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம்னு சொன்னா, ஊருக்குப் போன் போடறதுக்கு முன்னாடி மெஷினை ஓடவிட்டு அவர் பக்கம் போய் அஞ்சு நிமிஷம் நின்னு கேளுங்க மக்களே. மொழிச்சண்டையா இல்லையான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.