பொய்யையும் மனப்பாடம் செய்யும் இயந்திரம்

சமூக ஊடகங்களில் எந்தப் பதிவு தங்கும், எது அகற்றப்படும் என்ற முதற்கட்ட முடிவை இன்று பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவே எடுக்கிறது. இதைக் கேள்வி கேட்டால் வழமையாக வரும் பதில்: 'இயந்திரத்துக்குப் பக்கச்சார்பு இல்லை, அது வெறும் கணிதம்.' அந்தக் கணிதத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்குப் 'படித்திறன்' என்ற சொல் நினைவிருக்கும். நரம்பியல் வலையமைப்பு ஒரு விடை சொல்கிறது. மனிதர் ஏற்கனவே குறித்துவைத்த விடையிலிருந்து அது எவ்வளவு விலகியது என்று கணக்கிடப்படுகிறது. அந்த வழு எந்தத் திசையில் குறைகிறதோ, அந்தத் திசையில் வலையமைப்பின் இலட்சக்கணக்கான எண்கள் சிறிது சிறிதாக நகர்த்தப்படுகின்றன. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1847இல் முன்வைத்த முறைதான் இதன் அடிப்படை. வழு இனிக் குறையாது என்ற நிலைக்கு வந்தால், பயிற்சி 'ஒருங்கியது' என்கிறார்கள்.

மேடும் பள்ளமுமான அந்தப் பரப்பில் இடைவழிக் குழியொன்றில் சிக்காமல் இது எப்படி அடிவரை இறங்குகிறது என்பது நெடுநாள் புதிர். வலையமைப்பு போதிய அளவு அகலமாக இருந்தால் வழு பூச்சியத்தை நெருங்கும் என்று 2018இன் பிற்பகுதியில் சைமன் டூ முதலானோர் நிறுவினார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்த நிறுவலில், குறிக்கப்பட்ட விடைகள் உண்மையானவையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

இதற்கு முன்பே, 2016இல், சியுவான் ஜாங்கும் கூகுள் ஆய்வாளர்களும் ஒரு பரிசோதனை செய்திருந்தார்கள். 50,000 படங்கள், 10 வகைகள். விடைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மாற்றிவிட்டார்கள். பூனைக்கு லொறி, குதிரைக்குத் தவளை. வலையமைப்பு அத்தனை பொய்யையும் பிழையில்லாமல் மனப்பாடம் செய்தது. பயிற்சி வழமைபோலவே ஒருங்கியது. புதிய படங்களைக் காட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

நமக்கு ஆபத்து இதைவிடக் கூடுதல். தாறுமாறான பொய் புதிய படத்தில் அகப்பட்டுவிடும். ஒரே சீரான பொய் அகப்படாது. மே 18 அன்று நான் இட்ட ஒரு விளக்கின் படம் 'ஆபத்தான அமைப்புக்கு ஆதரவு' என்று அகற்றப்பட்டது. அதை நீக்கியது இயந்திரமா மனிதரா என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் நினைவேந்தல் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒருவர் 'பயங்கரவாதம்' என்று குறித்து, சோதனைப் படங்களுக்கும் அதே ஆளே குறித்தால், இயந்திரம் பயிற்சியிலும் சித்தியடையும், சோதனையிலும் சித்தியடையும். துக்கம் குற்றமாகப் பதிந்திருக்கும். வரைபடத்தில் வழு பூச்சியத்தை ஒட்டிக் கிடக்கும்.

இன்னொன்று, வழு என்பது சராசரி. ஜிபிடி-3க்குக் கொடுத்த எழுத்தில் ஏறத்தாழ 93 வீதம் ஆங்கிலம். இப்படியான கலவையில் தமிழில் விடும் பிழை அந்தச் சராசரியை அசைக்கவே அசைக்காது.

ஆகவே, 'எங்கள் மாதிரி இத்தனை வீதம் துல்லியமானது' என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது நான் கேட்பது இதைத்தான்: தமிழ்ப் பதிவுகளுக்கு விடை குறித்தவர்கள் யார்? அவர்களுக்குத் தமிழ் தெரியுமா? தமிழில் மட்டும் அந்த எண் எவ்வளவு?